"துணைக்கு ஆகாத ஜாதகம்": ஜோதிடம் எதை வைத்து அப்படிச் சொல்கிறது?

"பொண்ணுக்கு எட்டுல செவ்வாய், பையனுக்கு ஆகாது." வரன் பார்க்கும் வீட்டில் இந்த ஒரு வரி போதும், பேச்சு அத்தோடு நின்றுவிடும். எட்டு என்றால் எது, அங்கே ஒரு கிரகம் இருந்தால் இன்னொருவர் உயிருக்கு ஏன் ஆபத்து என்று திருப்பிக் கேட்பவர்கள் குறைவு. ஜாதகம் பார்க்கத் தெரியாததால் பயம்தான் மிஞ்சுகிறது.

ஜாதகக் கட்டத்தைத் திறந்துகூடப் பார்த்திராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். துணையின் உடல்நலம், ஆயுள் பற்றிச் சொல்ல ஜோதிடம் எந்தெந்த இடங்களைப் பார்க்கிறது, எந்த விதியைக் கையில் எடுக்கிறது என்று முதலில் பார்ப்போம். அந்த விதிகளை எவ்வளவு நம்பலாம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து இருக்கிறது. அதையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்.

பன்னிரண்டு கட்டத்தில் துணை எங்கே இருக்கிறார்?

ஒருவர் பிறந்த நேரத்தில் கிழக்கே எந்த ராசி உதித்துக்கொண்டிருந்ததோ அதுதான் லக்னம். கட்டத்தில் 'ல' என்று குறித்திருப்பார்கள். அதை ஒன்று என்று வைத்துக்கொண்டு வலமாக எண்ணிக்கொண்டே போனால் ஏழாவதாக வருவது களத்திர ஸ்தானம், அதாவது கணவன் அல்லது மனைவிக்கான இடம். எட்டாவது ஆயுள் ஸ்தானம். பெண் ஜாதகத்தில் மட்டும் இதற்கு இன்னொரு பெயர் உண்டு, மாங்கல்ய ஸ்தானம். இரண்டாம் இடம் குடும்பம், நான்காம் இடம் சுகம், பன்னிரண்டாம் இடம் படுக்கை, தூக்கம், தாம்பத்தியம்.

துணையின் ஆயுளையோ நோயையோ பார்க்க வேண்டுமென்றால் ஜோதிடர்கள் ஏழாம் இடத்தையே துணையின் லக்னமாக வைத்துக்கொண்டு அங்கிருந்து மறுபடி எண்ணுவார்கள். ஏழிலிருந்து எட்டாவது கட்டம் எது? எண்ணிப் பாருங்கள், உங்கள் ஜாதகத்தின் இரண்டாம் இடம் வரும். அது துணையின் ஆயுள். ஏழிலிருந்து ஆறாவது கட்டம் பன்னிரண்டாம் இடம். அது துணையின் நோய். 2, 7, 8, 12 என்ற எண்கள் கல்யாணப் பேச்சில் திரும்பத் திரும்ப வருவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

இதோடு சுக்கிரனையும் பார்ப்பார்கள், அவர் களத்திரகாரகன், அதாவது துணையைக் குறிக்கும் கிரகம். ஏழில் சனி இருந்தால் தாமதத் திருமணம், ராகு கேது 1, 7 அல்லது 2, 8 இடங்களில் இருந்தால் நாக தோஷம் என்பதெல்லாம் இந்த வரிசையில் வருபவை. இவற்றைத் துணையின் உயிரோடு சேர்த்துப் பேசுவது குறைவு. பயம் அதிகமாகக் குவிந்திருப்பது எட்டாம் இடத்திலும் செவ்வாயிலும்தான்.

பெண்ணின் எட்டாம் இடம் ஏன் கணவனுடையதாயிற்று?

ஒரே எட்டாம் இடம் ஆணுக்கு அவனுடைய ஆயுளாகவும் பெண்ணுக்குக் கணவனுடைய ஆயுளாகவும் படிக்கப்படுகிறது. இது இடைக்காலத்தில் யாரோ சேர்த்த வழக்கம் அல்ல. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் ஜாதகத்தில் பெண்களின் ஜாதகத்துக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. ஆண்களுக்குச் சொன்ன பலன்களில் பெண்ணுக்குப் பொருந்துவதைப் பெண்ணுக்குச் சொல்ல வேண்டும், மற்றதைக் கணவனுக்குச் சொல்ல வேண்டும் என்று அந்த அத்தியாயம் தொடங்குகிறது. உருவத்தை லக்னத்தையும் சந்திரனையும் கொண்டும், கணவனை ஏழாம் இடத்தைக் கொண்டும், கணவனின் மரணத்தை எட்டாம் இடத்தைக் கொண்டும் அறியலாம் என்கிறது.

பதவி, படை, செல்வம் எதுவும் ஒரு பெண்ணுக்குத் தனியாக வாய்க்காத காலத்தில் எழுதப்பட்ட விதி இது. அவள் வாழ்க்கையில் நடப்பதெல்லாம் கணவன் வழியாகத்தான் நடக்கும் என்ற அடிப்படையில், அவள் கட்டத்திலேயே அவனை எழுதி வைத்தார்கள். பின்னால் வந்த நூற்றாண்டுகளில் இந்த விதி இன்னும் இறுகியது. சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம், கணவனுக்கோ அவளைவிடப் பல வயது அதிகம். நடுவே காலரா, பிளேக், பெரியம்மை. பெண்ணின் திருமண வயது குறைந்தது 14 என்று சட்டம் போட்டதே 1929இல்தான். அந்தச் சூழலில் விதவைகள் இல்லாத தெருவே இருந்திருக்காது. ஒவ்வொரு இழப்புக்கும் பிறகு, "இவள் ஜாதகத்தில் என்ன இருந்தது?" என்ற கேள்வி வந்திருக்கிறது.

பிரசவத்தில் மனைவிகள் இறப்பதும் அப்போது சர்வசாதாரணம். ஆனால் ஆணின் ஜாதகத்தைக் கையில் வைத்துக்கொண்டு "இவனுக்குக் கட்டிக்கொடுத்தால் பெண் தங்குவாளா" என்று அதே அளவுக்குக் கலங்கியதாகத் தெரியவில்லை. மனைவி போனால் அவன் மறுபடி கல்யாணம் செய்துகொள்வான். கணவன் போனால் அவள் வாழ்க்கை முடக்கப்படும். விதவை மறுமணத்தை 1856ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதித்த பிறகும் பல சமூகங்களில் நடைமுறை மாறவில்லை. எட்டாம் இடத்தைச் சுற்றியுள்ள பயம் வானத்திலிருந்து வந்ததைவிட இந்த வாழ்க்கையிலிருந்து வந்ததே அதிகம் என்று நான் நினைக்கிறேன்.

செவ்வாய் தோஷம் என்கிற கணக்கு

தமிழ்நாட்டில் வழக்கமாகச் சொல்லும் விதி: லக்னத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய ஐந்து இடங்களில் ஒன்றில் செவ்வாய் இருந்தால் தோஷம். பலர் சந்திரன் நின்ற ராசியிலிருந்தும் சுக்கிரன் நின்ற இடத்திலிருந்தும் இதே போல எண்ணுவார்கள். இந்த விதிக்கு ஆதாரமாகச் சொல்லப்படும் வடமொழிச் சுலோகம், இப்படிச் செவ்வாய் நின்றால் பெண்களுக்குக் கணவனும் ஆண்களுக்கு மனைவியும் போவார்கள் என்று இரண்டு பக்கமும் சமமாகவே சொல்கிறது. நடைமுறையில் தட்டிக் கழிக்கப்படுவது பெரும்பாலும் பெண்ணின் ஜாதகம்.

ஏன் இந்த ஐந்து இடங்கள்? எல்லாக் கிரகங்களுக்கும் தான் நிற்கும் இடத்திலிருந்து ஏழாம் இடத்தின் மேல் பார்வை உண்டு. செவ்வாய்க்கு மட்டும் கூடுதலாக நான்காம் பார்வை, எட்டாம் பார்வை. நான்கில் நின்றால் நான்காம் பார்வை ஏழின் மேல் விழும். பன்னிரண்டில் நின்றால் எட்டாம் பார்வை ஏழின் மேல் விழும். இரண்டில் நின்றால் ஏழாம் பார்வை எட்டின் மேல். ஏழிலும் எட்டிலும் நின்றால் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. நெருப்புக் கிரகம், ரத்தத்துக்கும் விபத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் உரிய கிரகம் துணையின் இடத்தைத் தொடுவதால் துணைக்கு ஆகாது என்பது தர்க்கம். இதுவரை கோவையாகத்தான் இருக்கிறது.

இப்போது லக்னத்திலேயே செவ்வாய் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் பார்வை ஏழின் மேலும் எட்டாம் பார்வை எட்டின் மேலும் விழுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் தொடுகிற இடம் இதுதான். ஆனால் நம் ஊர்ப் பட்டியலில் லக்னம் இல்லை! வட இந்தியாவில் பரவலாக உள்ள பட்டியல் 1, 4, 7, 8, 12. அங்கே லக்னம் உண்டு, இரண்டாம் இடம் இல்லை. அதாவது லக்னத்தில் செவ்வாய் உள்ள ஒரு பெண் சென்னையில் தோஷமில்லாதவள், லக்னோவில் தோஷமுள்ளவள். இரண்டில் செவ்வாய் என்றால் அப்படியே தலைகீழ். ஊர் மாறினால் ஒரு மனிதனின் ஆயுள் மாறுமா? இந்தக் கேள்விக்கு நிறைவான பதிலை நான் எங்கும் படித்ததில்லை.

அடுத்து, எத்தனை பேருக்கு இந்தத் தோஷம் இருக்கும் என்று பார்ப்போம். இதற்குப் பெரிய கணிதம் வேண்டாம். செவ்வாய் சாதாரணமாக ஒரு ராசியில் ஒன்றரை மாதம் போல இருக்கும். லக்னமோ சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி, ஒரு நாளில் பன்னிரண்டு ராசியையும் சுற்றிவிடும். பன்னிரண்டில் ஐந்து லக்னங்களுக்குத் தோஷம் என்றால், எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் ஏறத்தாழ 10 மணி நேரத்தில் பிறக்கும் குழந்தைகள் அத்தனைக்கும் செவ்வாய் தோஷம். நூற்றுக்கு 42 பேர். சந்திரனிலிருந்தும் எண்ணினால் மூன்றில் இரண்டு பேர். சுக்கிரனையும் சேர்த்தால் சுமாராக ஐந்தில் நான்கு பேர். யாரோ சில துரதிர்ஷ்டசாலிகளுக்கு மட்டும் இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் தோஷத்தின் அளவு இது.

விதி இவ்வளவு அகலமாக இருந்தால் யாருக்கும் கல்யாணம் நடக்காது. அதனால் விலக்குகள் நிறைய. செவ்வாய் தன் சொந்த வீடான மேஷம், விருச்சிகத்தில் இருந்தால் தோஷமில்லை. உச்ச வீடான மகரத்தில் இருந்தால் இல்லை. கடக லக்னம், சிம்ம லக்னத்துக்குச் செவ்வாய் யோகம் தரும் கிரகம், அதனால் இல்லை. குருவோடு சேர்ந்தாலோ குருவின் பார்வை பெற்றாலோ இல்லை. இரண்டாம் இடம் மிதுனமோ கன்னியோ ஆனாலும், எட்டாம் இடம் தனுசோ மீனமோ ஆனாலும், பன்னிரண்டாம் இடம் ரிஷபமோ துலாமோ ஆனாலும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு பேருக்கும் தோஷம் இருந்தால் ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். இதைத் தோஷ சாம்யம் என்பார்கள். "செவ்வாய் தோஷத்துக்குச் செவ்வாய் தோஷம்தான் சேர்க்கணும்" என்று வீடுகளில் சொல்வது இதைத்தான்.

ஆக, கட்டத்தில் செவ்வாய் நிற்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு "ஆகாது" என்று சொல்பவர் ஜோதிட விதிப்படியே பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். விலக்குகளைப் பார்க்காமல் தோஷம் என்று சொல்வதை மூத்த ஜோதிடர்கள் பலரே கண்டிக்கிறார்கள்.

ரஜ்ஜு, மூலம், இன்ன பிற

பத்துப் பொருத்தத்தில் துணையின் ஆயுளோடு நேரடியாக இணைக்கப்படுவது ரஜ்ஜு. மாங்கல்யப் பொருத்தம், கயிற்றுப் பொருத்தம் என்றும் சொல்வார்கள். இதில் கட்டம் வேண்டாம், பிறந்தபோது சந்திரன் நின்ற நட்சத்திரம் போதும். 27 நட்சத்திரங்களையும் தலை, கழுத்து, வயிறு, தொடை, பாதம் என்று ஐந்து பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். பெண்ணும் பையனும் ஒரே பகுதியில் வரக்கூடாது. மிருகசீரிஷம், சித்திரை, அவிட்டம் மூன்றும் தலை ரஜ்ஜு. இருவரும் இதில் வந்தால் கணவனுக்கு ஆகாது. ரோகிணி, திருவாதிரை, அஸ்தம், சுவாதி, திருவோணம், சதயம் கழுத்து ரஜ்ஜு, மனைவிக்கு ஆகாது. வயிறு என்றால் பிள்ளைகளுக்கு, தொடை என்றால் பணத்துக்கு, பாதம் என்றால் ஊர் ஊராக அலைச்சல். ஒன்பது பொருத்தம் இருந்து ரஜ்ஜு இல்லையென்றால் பலர் சேர்ப்பதில்லை. சந்திரன் ஒரு நட்சத்திரத்தில் ஏறத்தாழ ஒரு நாள் இருக்கிறது என்பதால், அந்த நேரத்துக்குள் பிறந்த அத்தனை பேரும் இதில் ஒரே பெட்டிக்குள்தான் விழுவார்கள்.

மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு, விசாகம் இளைய மைத்துனருக்கு ஆகாது என்ற பேச்சும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. விதி சொல்பவர்களே மூலத்தில் முதல் பாதத்துக்கு, அதாவது நட்சத்திரத்தின் முதல் கால் பங்குக்கு மட்டும்தான், ஆயில்யத்திலும் அப்படிச் சில பாதங்களுக்கு மட்டும்தான் என்று சுருக்குகிறார்கள். ஊரில் அந்தச் சுருக்கமெல்லாம் எடுபடுவதில்லை. மூல நட்சத்திரம் என்றாலே வரன் திரும்பிப் போகிறது. படித்து, வேலைக்குப் போய், பெற்றோரைத் தாங்குகிற பெண்கள் 27இல் ஒரு நட்சத்திரத்தில் பிறந்ததற்காக முப்பத்தைந்து வயது வரை காத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

எப்போது என்று எப்படிச் சொல்கிறார்கள்?

கட்டத்தில் உள்ளது சாத்தியம் மட்டும். நடக்கும் காலத்தை, வாழ்நாளைக் கிரகங்களுக்குப் பங்கிடும் தசாபுத்தி சொல்லும் என்பது ஜோதிட நிலைப்பாடு. விம்சோத்தரி முறையில் ஒன்பது கிரகங்களுக்கும் சேர்த்து 120 ஆண்டுகள். ஒவ்வொரு தசைக்குள்ளும் ஒன்பது கிரகங்களின் புத்தியும் வந்து போகும். துணையைப் பாதிக்கும் கிரகம் என்று ஒன்றைக் குறித்துக்கொண்டு, அதன் தசையோ புத்தியோ வரும்போது கவனம் என்பார்கள். இருவருக்கும் ஒரே சமயத்தில் தசை மாறினால் தசா சந்தி, இருவருக்கும் சேர்ந்து ஏழரைச் சனி நடந்தால் சிரமம் என்பதும் இதில் சேரும்.

எந்தக் கிரகத்தை நீங்கள் குறித்தாலும் அதன் புத்தி ஒவ்வொரு தசையிலும் ஒருமுறை வந்தே தீரும். அதனால் ஒரு துயரம் நடந்த பிறகு திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் எங்காவது பொருந்துகிற ஒரு புத்தி கிடைத்துவிடும். "அப்பவே ஜாதகத்துல இருந்தது" என்ற பேச்சு பிறப்பது இங்கேதான். நடந்த பிறகு பொருத்திக் காட்டுவது வேறு, நடப்பதற்கு முன்பு எழுதிக் கொடுப்பது வேறு.

முன்கூட்டியே சொல்லச் சொல்லி ஒரு சோதனை நடந்திருக்கிறது. 2008இல் வானியலாளர் ஜெயந்த் நார்லிகரும் அவருடன் சேர்ந்தவர்களும் மகாராஷ்டிரத்தில் நடத்தியது அது. நன்றாகப் படிக்கும் 100 மாணவர்கள், மனவளர்ச்சி குன்றிய 100 குழந்தைகள் என 200 ஜாதகங்களைக் கலந்து வைத்தார்கள். ஒவ்வொரு ஜோதிடருக்கும் 40 ஜாதகங்கள் போயின. எது எந்த வகை என்று பிரித்துச் சொன்னால் போதும். பதில் அனுப்பிய 27 ஜோதிடர்களின் சராசரி 46 சதவீதம். காசு சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 சதவீதம் வரும். இது துணையின் ஆயுளைப் பற்றிய சோதனை அல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜாதகருடைய சொந்த நிலையையே கட்டத்திலிருந்து பிரித்தறிய முடியாதபோது, அதே கட்டத்தை வைத்து இன்னொருவரின் மரணத்தைச் சொல்ல முடியும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இந்த நம்பிக்கை நீதிமன்றம் வரைகூடப் போயிருக்கிறது. திருமணம் செய்துகொள்வதாக நம்பவைத்து ஏமாற்றியதாக ஒரு பெண் கொடுத்த வழக்கில், ஜாமீன் கேட்ட ஆண் தரப்பு, பெண்ணுக்குச் செவ்வாய் தோஷம் இருப்பதால் மணக்க முடியாது என்று வாதிட்டது. 2023 மே மாதம் அலகாபாத் உயர் நீதிமன்றம், அந்தப் பெண்ணுக்குத் தோஷம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி லக்னோ பல்கலைக்கழகத்தின் ஜோதிடத் துறைக்கு உத்தரவிட்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து, ஜூன் 3ஆம் தேதி, விடுமுறைக் காலத்திலேயே அந்த உத்தரவுக்குத் தடை விதித்தது.

பரிகாரம்

செவ்வாய்க்கு உரிய தலமாக வைத்தீஸ்வரன் கோயிலையும், மாங்கல்ய பலத்துக்கு ஆடுதுறைக்கு அருகிலுள்ள திருமங்கலக்குடியையும் சொல்வார்கள். கும்பிட்டுவிட்டு வந்தால் மனசு லேசாகிறது என்றால் தாராளமாகப் போகலாம். கும்பிடுவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

வாழை மரத்துக்கு முதலில் கல்யாணம் செய்துவைத்து, அப்புறம் அந்த மரத்தை வெட்டிச் சாய்க்கும் பரிகாரம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. முதல் துணைக்கு வர வேண்டிய ஆபத்து மரத்தோடு போய்விடும் என்பது அதன் பொருள். கல்யாணத்துக்கு நிற்கும் ஒரு பெண்ணை, "நீ தொட்டவன் சாவான்" என்று சொல்லி, ஒருமுறை விதவையாக்கிப் பார்த்துவிட்டு அனுப்புவதற்குப் பெயர் நிவர்த்தியா? இதற்காகப் பல்லாயிரம் ரூபாய் கேட்பவர்களும் இருக்கிறார்கள். பயத்தை உண்டாக்கியவரே பரிகாரத்துக்கும் விலை சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கணவனை இழந்த பெண்ணிடம், மனைவியை இழந்த ஆணிடம் ஜாதகத்தைப் பற்றிப் பேசவே கூடாது. ரத்தக் குழாய் அடைப்பும் ஹெல்மெட் இல்லாத பயணமும் கவனிக்காமல் விட்ட சர்க்கரை நோயும் எடுத்துக்கொண்ட உயிருக்கு, பக்கத்தில் அழுதுகொண்டிருப்பவரின் எட்டாம் இடம் பொறுப்பல்ல.

ஜோதிடரிடம் போவதாக இருந்தால்

நம்பிக்கை இருப்பவர்களிடம் போகாதே என்று சொல்வதில் பயனில்லை. வீட்டுப் பெரியவர்கள் விடமாட்டார்கள் என்ற நிலையும் உண்டு. சரி, போங்கள். ஆனால் கேட்டுவிட்டு வாருங்கள். பழைய வாக்கியங்களின்படி கணிக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்தில் கணித்ததா, வானியல் கணக்கோடு திருத்திய திருக்கணிதத்தில் கணித்ததா? இரண்டிலும் கிரகம் நிற்கும் பாகை வேறுபடும். ராசி எல்லையில் இருந்தால் செவ்வாய் அடுத்த கட்டத்துக்கே போய்விடும். பிறந்த நேரம் மருத்துவமனைப் பதிவில் உள்ளதா, பாட்டி நினைவில் வைத்துச் சொன்னதா? லக்னம் மாறும் நேரத்தை ஒட்டிப் பிறந்திருந்தால் சில நிமிடத்தில் ஏழாம் இடம் எட்டாகிவிடும். தோஷம் லக்னத்திலிருந்தா, சந்திரனிலிருந்தா? எந்த விலக்குகளைப் பார்த்தீர்கள்?

கடைசியாக ஒரு கேள்வி. "பையனுக்கு ஆகாது" என்றால், அந்த ஆபத்து பையனுடைய சொந்த ஜாதகத்தில் எங்கே இருக்கிறது? ஒருவரின் ஆயுளை அவரவர் ஜாதகத்தைக் கொண்டுதான் நிர்ணயிக்க வேண்டும் என்று ஜோதிடர்களில் பலரே சொல்கிறார்கள். அவனுடைய கட்டத்தில் தீர்க்காயுள் என்று எழுதிவிட்டு, அவள் கட்டத்தைக் காட்டி அவன் போய்விடுவான் என்றால், இரண்டில் ஒன்று தவறாக இருக்க வேண்டும். எது தவறு என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.